யாழ்ப்பாணத்திலிருந்து எட்டு நாள்: கள்ளு, பியர், சாராயம் தேடி ஒரு வான் பயணம். வழி சொல்லுங்கள்

தென்மராட்சியான்

எல்லோருக்கும் வணக்கம். வரும் பங்குனியில் என் பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வருகிறான். 18 வருடத்துக்குப் பிறகு வருகிறான். அங்கே ஒவ்வொரு கோடையிலும் கூட்டாளிகளோடு காரில் கிளம்பி, ஊர் ஊராகப் பியர் செய்யும் சின்ன இடங்களைத் தேடிப் போவது அவனுக்குப் பழக்கம். "ஊரில் அப்படி ஒரு பயணம் போகலாமா?" என்று கேட்டான். போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நான், அவன், என் மனைவி, மைத்துனன் என்று நாலு பேர். வான் இருக்கிறது. எட்டு நாள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று கோடு போட்டு, ஒவ்வொரு ஊரிலும் நல்ல ஹோட்டல் பார் ஒன்றைக் குறித்து வைத்தேன். நேற்று இரவு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோது மனம் ஒட்டவில்லை. மூன்று ஊரிலும் ஒரே குளிரூட்டிய அறை, ஒரே போத்தல். அதற்கு அவன் விமானம் ஏறி வரத் தேவையில்லை.

போய் வந்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே நிற்கலாம், எதை விடலாம்?

வத்தளை_வாசி

முதலில் கலண்டரை எடுத்துப் போயா நாளை, அதாவது பௌர்ணமி விடுமுறையைப் பாருங்கள். நாடு முழுக்க அன்று மது விற்பனை கிடையாது, பாரும் பூட்டு. வெசாக்குக்கு ஒரு நாளோடு முடியாது. பொசன் நேரம் அநுராதபுரம் பக்கம் கடைகள் பல நாள் பூட்டியிருக்கும், மிகிந்தலை வழியில் சனம் நிரம்பி வாகனம் நகராது. சித்திரைப் புத்தாண்டுக்கும் பூட்டுவார்கள், அந்த மாதம் நுவரெலியாவில் சீசன் என்பதால் அறை விலை நெருப்பு. வைகாசி பிறந்தால் களுத்துறைப் பக்கம் மழை. ஆகவே பங்குனி நல்ல தெரிவு. அந்த மாதப் போயாவை மட்டும் ஓடும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், யாராவது இளையவர்கள் சேர்ந்தால் நினைவில் வையுங்கள்.

கொக்குவில்_79

அண்ணை, பயணம் கண்டியில் தொடங்குகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வளவுக்குப் பின்னால் நிற்கிற பனையை விட்டுவிட்டு ஏன் 320 கிலோமீற்றர் ஓடி முதல் மிடறு குடிக்க வேண்டும்?

முதல் நாளை இங்கேயே வையுங்கள். தை, மாசியில் சீவத் தொடங்கினால் பங்குனியில் பனங்கள்ளு நல்ல வளமாக இருக்கும். கூட்டுறவுச் சங்கத் தவறணை (கள்ளுக்கடை) ஒன்றுக்குக் காலையில் போங்கள். பிளாவில் வாங்கிக் குடியுங்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் வாய் வைக்கும்போது பச்சை ஓலை மணமும் கள்ளின் புளிப்பும் சேர்ந்து வரும், கண்ணாடிக் குவளையில் அது வராது. தொட்டுக்கொள்ளக் கணவாய்ப் பொரியலோ, அவித்த கடலையோ. அன்று இரவு வீட்டில் ஒடியற்கூழ். பெரியம்மாவின் மகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலில் அடைத்த கள்ளும் விற்கின்றன. அது பழுதாகாமல் இருக்கச் சூடாக்கி அடைப்பது. ஒன்று வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். ஒன்றில் நுரை உயிரோடு இருக்கும், மற்றதில் அடங்கிவிட்டிருக்கும்.

பாளைக்கத்தி

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. வடமராட்சியில் சீவல் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. அப்பா 30 வருடத்துக்கு மேல் ஏறினார். இப்போது தம்பி ஏறுகிறான். இந்த இழையைப் படித்ததும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கள்ளு எத்தனை மணிக்கு என்பதை மரம்தான் தீர்மானிக்கும். தம்பி விடிய ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்குவான். காலில் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு, தோளில் கள்ளு சேர்க்கும் முட்டி. 14 மரம். ஒவ்வொன்றிலும் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. மேலே போய் முதலில் நிறைந்த முட்டியை அவிழ்த்துவிட்டு, பாளையின் நுனியை மெல்லிசாக ஒரு சீவு சீவுவான். கடதாசி கனத்துக்குத்தான் சீவ வேண்டும். கூடச் சீவினால் பாளை கெதியில் முடிந்துவிடும், குறையச் சீவினால் வாய் அடைத்துச் சொட்டு நின்றுவிடும். பிறகு வெறும் முட்டியைக் கட்டுவான். கீழே நின்றால் கத்தி பாளையில் படுகிற சத்தம் கேட்காது. ஓலை உரசுகிறது மட்டும் கேட்கும். அப்பா கீழே நின்று அந்த உரசலை வைத்தே, "இப்ப மூன்றாம் பாளைக்குப் போட்டான்" என்று சொல்லுவார்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிப்புத் தண்ணீர். முட்டிக்குள் பழைய கள்ளின் நொதி ஒட்டியிருக்கும், காற்றிலும் இருக்கும். அதனால் மரத்தில் தொங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அதுதான் கருப்பநீர். ஒரே பாளை, ஒரே கத்தி, சுண்ணாம்பு மட்டும்தான் வித்தியாசம். காலையில் இறக்கின கள்ளு மத்தியானத்துக்குள் காரம் ஏறும், அடுத்த நாள் காடியாகப் போய்விடும். எட்டு மணிக்குக் குடிப்பதும் இரண்டு மணிக்குக் குடிப்பதும் ஒரே கள்ளு இல்லை.

அப்பா 2009 க்குப் பிறகு ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போனது. உயிர் தப்பியது பெரிய காரியம். இப்போதும் நடப்பார், ஏற மாட்டார். பரிதாபம் காட்ட இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தவறணையில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். மரத்தடிக்கு ஒருவரும் வருவதில்லை. எங்கள் ஆட்களைத் தொழிலால் ஒதுக்கி வைத்த ஊர் இது, அதைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் வருவதென்றால் மரத்தடியிலிருந்து தொடங்குங்கள். தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

தென்மராட்சியான்

தங்கச்சி, நன்றி. இதைப் படித்துவிட்டு என் தாளைக் கிழித்துவிட்டேன். அப்பாவுக்கும் தம்பிக்கும் என் வணக்கம் சொல்லுங்கள். தம்பிக்குச் சம்மதம் என்றால் முதல் நாள் விடிய வந்து நிற்போம்.

ஓய்வு_ஆசிரியர்

நான் 34 வருடம் படிப்பித்தவன். இந்த இழையை மகிழ்ச்சியோடு வாசிக்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும். குடியால் அழிந்த வீடுகளை வகுப்பறையில் இருந்து பார்த்தேன். காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து பின்வாங்கில் தூங்கும் பிள்ளை, கொப்பி வாங்கக் காசில்லாத பிள்ளை. கேட்டால் தகப்பன் தவறணையில், அல்லது அதைவிட மோசமாகக் கசிப்பில், அந்தக் கள்ளச்சாராயத்தில். அப்படியிருக்க மதுவைச் சுற்றி ஒரு சுற்றுலா தேவையா? எட்டு நாளும் வான் ஓட்டுவது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

தென்மராட்சியான்

ஐயா, சரியான கேள்வி. எங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா அப்படித்தான் போனார். 46 வயது.

வான் ஓட்டுவது மைத்துனன். அவன் குடிப்பதில்லை, ஒருநாளும் தொட்டதில்லை. ஆனாலும் உங்கள் எழுத்தைப் படித்தபின் இன்னொன்றும் தீர்மானித்தேன். குடித்தபின் அன்று வான் ஊர் தாண்டாது. எந்த ஊரில் குடிக்கிறோமோ அந்த ஊரிலேயே இரவு. ஓடும் நேரம் நாலு பேரும் தண்ணீரும் தேத்தண்ணீரும்தான். ஒருவன் ஓட்ட மூன்று பேர் பின்னால் போத்தல் திறப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். எட்டு நாளில் குடிப்பது நாலு நாள், மற்ற நாலு நாளும் ஒரு துளியும் இல்லை.

கசிப்புப் பக்கம் போக மாட்டோம். உரிமம் உள்ள இடத்தில் மட்டும்.

ஓய்வு_ஆசிரியர்

அப்படியென்றால் சரி, தம்பி. மைத்துனனுக்குக் கருப்பநீர் வாங்கிக் கொடுக்க மறக்க வேண்டாம்.

ராகலை_ராசா

நுவரெலியா பக்கத்து ஆள் நான். எங்க ஊருல பியர் கதை பழசு, கொஞ்சம் விவரமா சொல்றேன்.

பின்னாளில் நைல் நதி மூலம் தேடிப்போன சாமுவேல் பேக்கர், அதுக்கு முன்னால 1848 லிருந்து சில வருஷம் நுவரெலியாவில் குடியிருந்தார். தோட்டம் போட்டார், பியரும் காய்ச்சினார். குளிர்சாதனம் இல்லாத காலம் அது. கொழும்பு வெக்கையில் பியர் கெட்டுப்போகும். இங்கே கடல் மட்டத்துக்கு மேல 1,868 மீற்றர், ஊற்றுத் தண்ணி, இயற்கைக் குளிர். பியர் மலைக்கு ஏறினதுக்குக் காரணம் அதுதான். 1881 இல் இங்கே தொடங்கின ஆலைதான் இன்றைய லயன் கம்பனியின் வேர். 1990களின் கடைசியில் உற்பத்தி கொழும்புக்குப் பக்கத்துல இருக்குற பியகமவுக்கு இறங்கிடுச்சு. குளிரூட்டும் இயந்திரம் வந்தபிறகு மலை தேவைப்படல, துறைமுகமும் சந்தையும் பக்கத்துல வேணும். பார்லியே வெளிநாட்டிலிருந்துதான் வருது.

அதனால நுவரெலியாவுக்கு ஆலை பார்க்க வர்றீங்கன்னா ஏமாந்து போவீங்க. குளிரில் உட்கார்ந்து ஸ்டவுட் குடிக்க வாங்க. லயன் ஸ்டவுட் 8.8 வீதம், சாதாரண லாகர் 4.8. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பியர்தானேன்னு நினைச்சு மூணு போத்தல் எடுத்தால் எழும்ப முடியாது. கோப்பி, கறுப்பு வெல்லம் மாதிரி ஒரு ருசி வரும். மைக்கல் ஜாக்சன்னு பியரைப் பற்றி நிறைய எழுதின ஆங்கில எழுத்தாளர் (பாடகர் வேறு ஆள்) இந்தக் கறுப்புப் பியரை உலகத்துக்குத் தெரிய வச்சார். ரொம்பக் குளிராக்கிக் குடிக்காதீங்க, ருசி மூடிப்போயிடும். மேசையில் கால் மணிநேரம் வச்சிட்டு ஊத்துங்க.

ஹில் கிளப் 1876 இல் தொடங்கினது. மாலையில் கோட்டும் டையும் கேட்பாங்க, தெரிஞ்சு வாங்க. ஒண்ணு சொல்லணும். அந்த அறையில் விறகு எரியுற பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, அந்தக் காலத்தில் துரைமாருக்காக இதையெல்லாம் தோளில் சுமந்து ஏத்தினது எங்க பாட்டன் பூட்டன்மார்தான்னு உங்க தம்பிக்குச் சொல்லுங்க. மறுநாள் காலையில் எங்க லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பக்கம் வாங்க, தேத்தண்ணி என் செலவு.

கொக்குவில்_79

ராசா அண்ணை, பேரே ராசாதான். அருமை.

மானிப்பாய்_குகன்

முக்கியமான விசயம் ஒன்று. கள்ளை வானில் கொண்டு போகாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் இருக்கும் அண்ணனுக்கென்று ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் காலைக் கள்ளை நிரப்பி மூடியை இறுக்கிக் கொண்டு போனேன். ஆனையிறவு தாண்டும்போது போத்தல் பந்து மாதிரி ஊதியிருந்தது. கவனிக்கவில்லை. வவுனியாவுக்குக் கிட்ட, வெயில் ஏறிய நேரம், மூடி பறந்து என் மகளின் கண்ணுக்கு மேல் பட்டது. இமை வீங்கி ஒரு கிழமை இருந்தது. ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன். புளிக்கும்போது வாயு வந்துகொண்டே இருக்கும், சூட்டில் இன்னும் கூடும். அதோடு அளவுக்கு மேல் கள்ளு கொண்டு போவது மதுவரிச் சட்டப்படி குற்றம். மரத்தடியில் குடித்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள்.

வத்தளை_வாசி

சாராயத்துக்கு வருகிறேன், அது எனக்குப் பிடித்த பகுதி.

வடக்கில் பனஞ்சாராயம் என்றால் திக்கம் வடிசாலை. பருத்தித்துறைக்குப் பக்கம். உள்ளே பார்க்க விடுவார்களா, அந்த நேரம் வேலை நடக்கிறதா என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கள்.

தெற்கில் தென்னஞ்சாராயம். வாதுவை, களுத்துறைக் கரையில் காலையில் மேலே பாருங்கள். தென்னைக்குத் தென்னை தும்புக்கயிறு கட்டியிருக்கும், காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. சீவுகிறவர் ஒரு மரத்தில் ஏறி, இறங்காமலே கயிற்றில் நடந்து அடுத்த மரத்துக்குப் போவார். உங்கள் ஊரில் ஒவ்வொரு பனைக்கும் ஏறி இறங்க வேண்டும், இங்கே ஒரு தோப்பையே மேலாலே முடிப்பார்கள். அந்தக் கள்ளு அன்றே வடிசாலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் காடி.

வடித்த சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாவில் வைத்து முதிர வைப்பார்கள். மரம்தான் நிறத்தையும் மென்மையையும் கொடுக்கிறது. கடையில் வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். மலிவான போத்தல் பலதில் கரும்புக் கழிவுப்பாகில் வடித்த மதுசாரம் கலந்திருக்கும். முழுக்கத் தென்னங்கள்ளில் வடித்தது என்று சீட்டில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒரு சிறங்கை அளவு ஊற்றி, தண்ணீர் ஒரு துளி விட்டு, முகர்ந்து பாருங்கள். தேங்காய்ப்பூ மணம் லேசாக வரும். சோடாவை அப்புறம் கலக்கலாம்.

பியகம ஆலை வாசலில் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். எனக்கென்றால் அந்த நேரத்தை வாதுவைக்குக் கொடுப்பேன். உருக்குத் தாங்கியும் குழாயும் எந்த நாட்டிலும் பார்க்கலாம், ரொறன்ரோத் தம்பி நிறையப் பார்த்திருப்பார்.

கொழும்பில் ஒரு மாலை. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864 இலிருந்து நிற்கிறது. சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரம் ஒரு சாராயத்தோடு வெளியே உட்காருங்கள். அது போதும், வேறு பார் தேட வேண்டாம்.

நல்லூர்_நிலா

வான் நிறைய ஆண்கள் என்று நினைத்தேன், மனைவியும் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979 இல் ஒரு மதுவரி விதி வந்தது. 2018 தை மாதம் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை எடுத்தார், சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திருப்பிப் போட வைத்தார். அதனால் கடை வாசலில் உங்கள் மனைவியை அனுப்பி வாங்கச் சொல்லாதீர்கள், சங்கடப்படுத்துவார்கள். ஹோட்டல்களில் இந்தப் பிரச்சினையை நான் சந்தித்ததில்லை.

எங்கள் பக்கத்துத் தவறணையில் ஒரு பெண் போய் வாங்கில் உட்கார்ந்தால் எல்லாத் தலையும் திரும்பும். நான் ஒருமுறை கணவரோடு போய் ஐந்து நிமிடத்தில் எழும்பி வந்துவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, கதை மட்டும் நின்றுபோனது. அந்த அமைதி தாங்க முடியவில்லை. மரத்தடியில் தொடங்குவது என்ற பாளைக்கத்தி அக்காவின் யோசனை இதற்கும் நல்லது. அங்கே உங்கள் மனைவி நின்மதியாக நின்று ஒரு பிளா குடிக்கலாம்.

ராகலை_ராசா

மறந்துட்டேன். மலையை விட்டு இறங்கும்போது ஹற்றன், கித்துல்கலை வழியா வாங்க. ஊர்ப் பேரிலேயே கித்துள் இருக்கு. அந்தப் பக்கத்து ஈரக்காட்டு மரம் அது, பனைக்கும் தென்னைக்கும் ஒன்றுவிட்ட சகோதரம். பூவைச் சீவி எடுக்குற பதநீரைக் காய்ச்சினால் கித்துள் பாணி. எருமைத் தயிரில் ஊத்திச் சாப்பிட்டால் வான் ஓட்டுற மைத்துனருக்கு அதுதான் விருந்து. கடையில் சீனிப்பாகு கலந்து விற்பாங்க, வீட்டில் காய்ச்சுறவங்ககிட்ட வாங்குங்க.

தென்மராட்சியான்

மூன்று நாளாக இதை எழுதி எழுதி அழித்தேன். இப்போது வந்திருக்கும் வழி இது.

முதல் நாள் வடமராட்சி மரத்தடி, திக்கம், இரவு கூழ். இரண்டாம் நாள் ஏ9 வீதியில் கண்டி வரை ஓட்டம், ஒரு துளியும் இல்லை. முகமாலை, ஆனையிறவில் நிற்பேன். போரில் காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் எத்தனை பனை தறித்தோம், தலை போன பனைகள் எத்தனை நின்றன என்று அவனுக்குக் காட்ட வேண்டும். அவன் நாட்டை விட்டுப் போனபோது அவை அப்படியேதான் நின்றன. ஒரு பனை பாளை விட 12, 15 வருடம் எடுக்கும். பிறகு நட்டவை இப்போதுதான் சீவும் பருவத்துக்கு வருகின்றன. மூன்றாம் நாள் றம்பொடை வழியாக மதியத்துக்குள் மலை ஏறி, மாலை ஸ்டவுட். நாலாம் நாள் ராசா அண்ணையின் லயத்தில் தேத்தண்ணீர், அங்கேயே ஓய்வு. ஐந்தாம் நாள் கித்துல்கலை வழியாக இறக்கம், பாணியும் தயிரும். ஆறாம் நாள் விடிய வாதுவையில் கயிற்று நடை, பகலும் இரவும் அங்கேயே சாராயம். ஏழாம் நாள் காலை மெதுவாகக் கொழும்பு, மாலை காலிமுகத்திடல். எட்டாம் நாள் சிலாபம், புத்தளம், அநுராதபுரம் வழியாக வீடு.

குளிரூட்டிய பார் ஒன்றுமே இல்லை. பனை, கித்துள், தென்னை, இடையில் ஒரு கறுப்புப் பியர். இதை அவனுக்கு அனுப்பினேன். "பனை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறான்.

பாளைக்கத்தி

தம்பிக்குச் சம்மதம். ஐந்தே கால் மணிக்கு வாசிகசாலைச் சந்தியில் நில்லுங்கள், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார். வானைச் சந்தியிலேயே விடுங்கள், உள்ளே ஒழுங்கை ஒடுக்கம். தம்பி மேலே நிற்கும்போது கூப்பிடவோ, கமராவின் வெளிச்சம் அடிக்கவோ வேண்டாம். இறங்கியபின் எவ்வளவு நேரமும் கதையுங்கள். உங்களோடு வரும் அக்காவுக்குப் பிளா கட்டக் குருத்தோலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு முட்டிக்கு முந்தின நாள் பின்னேரமே சுண்ணாம்பு தடவி விடுவான், அது மைத்துனருக்கு.